பாடும் வாக்கும்

வடவெல்லைப் போராட்டத்தையும் திராவிட நாட்டுக் கோரிக்கையையும் ஆராய்வோர் பழவேற்காட்டு வலைஞரைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ஏரியின் பெரும்பகுதி அங்குச் சென்றது. வலைஞர் இரு சட்டமன்றங்களுக்குச் சிதறினர். எத்தொகுதியிலும் அவர் பெரும்பான்மையர் அல்லர். மிகுதி வாக்குப் பெற்றவரே வெல்லும் முறையோ செறிந்து வாழ்வோரின் குரலையே பெருக்கும். 1977இல் இலங்கையில் தனிநாடு கோரிய தமிழர் விடுதலைக் கூட்டணி நூற்றுக்கு ஏழுக்கும் குறைந்த வாக்கில் 18 இடம் பெற்றது. முப்பதை நெருங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8 இடமே. இந்திய ஒருமைப்பாட்டைக் காக்க வேட்பாளர் உறுதிகூற வேண்டுமென்ற 1963ஆம் ஆண்டுத் திருத்தத்தை அடுத்துத் தி.மு.கழகம் பிரிவினையை விட்டு வாக்குச்சாவடியைத் தெரிந்துகொண்டது, 1967இல் ஆட்சியேறியது. சிதறிய வலைஞருக்கு அவ்வழியும் இல்லை.

ஏரிக்குள் வேறொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் பட்டினவர், பாடு எனப்படும் வலையிடும் இடங்களைச் சீட்டுப் போட்டுத் தலைக்கட்டுகளுக்கு முறைவைத்து வழங்குவர். வல்லவன் ஒருவன் நல்ல நீரை நிலையாக வளைத்துக்கொள்ள இயலாது. மத்தியாவின்மேல் சீட்டு விழுந்ததை (அப். 1:26) அறிந்த நமக்கு இதனை மெச்சத் தோன்றும். ஆயின் அவ்வுரிமை பிறப்பால் வருவது. ஏனைய சாதியாருக்கு அச்சீட்டில் இடமில்லை. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கும் இல்லை.