சம்பளமில்லாப் பதவி யாருக்காக?

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் விடிகாலையிலேயே ஓசூர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் நிற்பார்கள். அதில் எனக்குத் தெரிந்த பல பையன்களை வேலைக்கு எடுத்தது மனிதவள அதிகாரி இல்லை, கான்ட்ராக்டரின் ஆள்.

மனிதவளத் தொழிலின் வேர்களில் ஒன்று, இப்படிப்பட்ட இடைத்தரகர்களை விலக்கும் முயற்சி. மில்களில் ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கிய ஜாபர்களின் பிடியை உடைக்க, தொழிலாளர் அலுவலரை நியமிக்கச் சொன்னது 1931ஆம் ஆண்டு விட்லி கமிஷன் அறிக்கை. 500 பேருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். இத்துறையினருக்காகக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் உருவான இரண்டு அமைப்புகள் 1980ல் இணைந்து என்.ஐ.பி.எம். ஆயின. அதுபோன்ற சங்கங்களின் ஊர்க் கிளைகளைச் சம்பளமில்லாத தலைவர், செயலாளர், பொருளாளர்தான் நடத்துகிறார்கள்.

நானும் வேறொரு சிறிய சங்கத்தில் இரண்டு வருஷம் பொருளாளர். ஹோட்டல் ஹால், பொன்னாடை, குரூப் போட்டோ. பில்லில் கையெழுத்து என்னுடையது. "கான்ட்ராக்ட் ஆட்கள் பற்றி ஒரு கூட்டம் போடலாமே" என்றேன். "ஸ்பான்சர் கோவிச்சுக்குவாங்க சார், விடுங்க" என்றார்கள். விட்டுட்டேன். அது என் தப்பும்தான்.

பதவிக்குச் சம்பளம் இல்லை, சரி. ஆனால் அதில் இருப்பவருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. அதனால தனியாளாகப் பேச முடியாது, ஒத்துக்கிறேன். தனியாகச் சொல்ல முடியாததைச் சேர்ந்து சொல்லத்தானே சங்கம்? அதைச் செய்யாத பதவியைத் தொண்டுன்னு சொல்லாதீங்க. பயோடேட்டாவில் ஒரு வரி, அவ்வளவுதான்.

அடுத்து வரும் செயலாளர் ஒரே ஒரு கூட்டத்தையாவது ஹோட்டலை விட்டு இங்கே நடத்தட்டும். மைக்கை முதலில் அந்தப் பையன்களிடம் கொடுக்கட்டும்.