தறியை விட்டு இறங்குதல்

ஆனி ஆல்பர்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் 1970ஐச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். அந்த வருசம் அமெரிக்காவில் நியூ ஹேவனிலிருந்து ஆரஞ்ச் என்ற சிற்றூருக்கு வீடு மாறியபோது, எழுபதைத் தொட்ட அந்த நெசவாளர் தறிகளைக் கைவிட்டார். 1920களில் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில், பொம்பளைக்கு இதுதான் என்று தள்ளிவிடப்பட்டு, வேண்டாவெறுப்பாக உட்கார்ந்த தறி. 1933இல் நாஜிகளால் நாட்டைவிட்டு வந்தபோதும் விடாத தறி.

மிச்சக் காலம் அச்சுப்படங்கள். விமர்சகர்கள் அதைப் 'புதிய கட்டம்' என்கிறார்கள். பாரம் குறைத்தார் என்று மட்டும் இதை வாசித்துவிட முடியாது. நூலில் செய்தால் கைத்தொழில், காகிதத்தில் செய்தால் கலை என்கிறார்களே என்று அவரே சொல்லியிருக்கிறார். 1949லேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி வைத்த ஆளுக்கே இந்தக் கதி! கைக்கும் மூளைக்கும் நடுவே கோடு கிழிப்பது யார் வேலை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1965இல் வந்த தன் நெசவுப் புத்தகத்தைப் பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, தன் ஆசான்கள் என்று சொல்லிக் காணிக்கையாக்கினார். பெரிய மனசுதான். ஆனா அந்த ஆசான்கள்ல ஒருத்தர் பேர்கூட மிஞ்சல. சேரியில் முரட்டுத்துணி நெய்து, கடைசியில் தறியைப் போட்டுவிட்டுக் கிளம்பிய நம்ம கோலியருக்கும் யாரும் 'புதிய கட்டம்' எழுதல. பஞ்சம் பிழைக்கப் போனான்னு முடிச்சுட்டாங்க.