பொன் நேரத்தில் நாம் எங்கே இருந்தோம்?

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் திங்கட்கிழமை காலை ஒரு சொல் வரும். ‘தண்ணீர்’, ‘சாலை’, ‘நிழல்’, ‘பச்சை’ என்று ஏதாவது ஒன்று. அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற, நாமே எடுத்த, நமக்குப் பிடித்த இயற்கைப் படங்களையோ பயணப் படங்களையோ ஞாயிறு இரவுக்குள் அனுப்ப வேண்டும். மூன்று படம் போதும். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. ஒளிப்பட ஆர்வலர்கள் பல நாடுகளில் ‘52 வாரம், 52 தலைப்பு’ என்று விளையாடும் அதே விளையாட்டுதான். எங்கள் குழுவில் எல்லோரும் பெண்கள். கல்லூரி மாணவிகள், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா, கைக்குழந்தையோடு இருப்பவர்கள் எனப் பலர். பெரும்பாலோர் கையில் இருப்பது போன் கேமராதான்.

இந்த விளையாட்டு எனக்குக் கொடுத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் ஓரிடத்தில் நிற்க முடியாது. ஏரிக்கரையில் பத்து நிமிடம் சும்மா நின்றால், “யாருக்காக நிக்கிறே?” என்று கேட்க ஆள் வரும். ‘இந்த வாரத் தலைப்பு தண்ணீர்’ என்பது ஒரு காரணம். வீட்டிலும் அப்படித்தான். “கொஞ்சம் வெளியே போய்ப் பார்த்துட்டு வரேன்” என்றால் எடுபடாது. “ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பணும்” என்றால் எடுபடுகிறது. நம் சந்தோஷத்தைக்கூட ஒரு வேலையாக மாற்றிச் சொன்னால்தான் வீடு ஒப்புக்கொள்கிறது என்பது வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடங்கள் கிடைத்தன. அதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

அந்தப் பத்து நிமிடங்களில் நாம் எதைப் பார்க்கிறோம், யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் என் கேள்வி. மூன்று தலைப்புகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, ‘விடியல்’. அந்த வாரம் வந்த படங்களை ஒரே மூச்சில் பார்த்தேன். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், ஏற்காடு, கொடைக்கானல். ஏறக்குறைய எல்லாமே சுற்றுலா போன இடத்து விடியல். சொந்த ஊரில், சொந்த மொட்டைமாடியில் எடுத்தவை இரண்டே இரண்டு. ஒன்று விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி எடுத்தது. மற்றது தனியாக வாழும் அந்த வங்கி அக்கா எடுத்தது. மற்றவர்கள் வீட்டில் சூரியன் உதிப்பதில்லையா? உதிக்கிறது. ஆனால் சுற்றுலாவில்தான் நமக்கு வேறு யாரோ காபி போட்டுத் தருகிறார்கள்.

ஒளிப்படம் கற்றுக்கொடுக்கும் எல்லோரும் ‘பொன் நேரம்’ பற்றிச் சொல்வார்கள். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. நிழல் நீண்டு விழும், சாதாரண மண்மேடுகூட அழகாகும். காலையில் உதயத்தை ஒட்டி ஒரு மணி நேரம், மாலையில் மறைவதற்கு முன் ஒரு மணி நேரம். அதைத் தவறவிடாதீர்கள் என்பது பாலபாடம். காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஐந்திலிருந்து ஆறு. பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, சாப்பாட்டு டப்பா கட்டும் நேரம் ஒன்று. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும் நேரம் மற்றது. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குக் கொடுத்தார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் கொடுத்தது 97 நிமிடங்கள். பொன் நேரத்தைத் தவறவிடாதவர் யார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நல்ல வெளிச்சத்தைத் திறமை என்று பாராட்டுகிறோம். அதில் பாதி, அந்த நேரத்தில் கை காலியாக இருந்தது என்பதுதான்.

இரண்டாவது, ‘சாலை’. புகழ்பெற்ற சாலைப் படங்களை நினைத்துப் பாருங்கள். நட்டநடுவில் நின்று எடுத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் மரங்கள், சாலை தூரத்தில் ஒரு புள்ளியில் போய் முடியும். எங்கள் குழுவில் வந்தவை அப்படி இல்லை. பேருந்து ஜன்னலின் கம்பி குறுக்கே ஓடியது. கார் கண்ணாடியில் எடுத்தவளின் வளையல் தெரிந்தது. பாதிப் படங்கள் ஆடியிருந்தன. கீழே ஒவ்வொருவரும், “சாரி, ஓடுற வண்டியில எடுத்தது” என்று எழுதியிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்ல நம்மால் முடியும். நிறுத்துவதும் நிறுத்தாததும் ஓட்டுகிறவர் முடிவு. நின்றாலும், ஆளில்லாத சாலை நடுவே ஒரு பெண் தனியாக இறங்கி நிற்பது அழகியல் பிரச்சினை மட்டுமல்ல. ஆடிப்போன அந்தப் படங்கள் நாம் எந்த இருக்கையில் உட்கார்ந்து பயணம் போகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லின. அதற்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, ‘பச்சை’. இதில் குற்றவாளி நான். மூணாறில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன். மலைச்சரிவு முழுக்கத் தேயிலை, நடுவே சிவப்பும் மஞ்சளுமாகச் சில புள்ளிகள். இதயங்கள் குவிந்தன. பிறகு ஒரு மாணவி எழுதினாள்: “அக்கா, படம் நல்லாருக்கு. அந்தச் சிவப்பு எங்க பாட்டி தலைத்துண்டு மாதிரி இருக்கு. பாட்டி வால்பாறைல கொழுந்து பறிச்சவங்க. இதைப் பார்த்தா மலையைப் பார்க்க மாட்டாங்க. எந்த வரிசைல கொழுந்து விட்டுப்போயிருக்குன்னு பார்ப்பாங்க.”

நான் இயற்கை என்று அனுப்பியது இயற்கை இல்லை. தேயிலையை வெட்டாமல் விட்டால் அது மரமாக வளரும். இடுப்பளவில் சமமாக விரிந்து கிடக்கும் பச்சைக் கம்பளம், காடழித்த மண்ணில் நட்டு, கவாத்து செய்து, சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கொழுந்து பறிப்பதால் உண்டானது. பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை நான் வண்ணப் புள்ளிகளாக்கி, அவர்கள் உழைப்பைக் காட்சியாக்கியிருந்தேன். 2015 செப்டம்பரில் இதே மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை நம்பாமல், ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே பேசி, போனஸை வாங்கினார்கள். புள்ளிகளாகத் தெரிந்தவர்கள் கிட்டே வந்து முகம் காட்டிய நாட்கள் அவை. சுற்றுலாப் படங்களில் மட்டும் அவர்கள் இன்னும் புள்ளிகள்தான்.

இதைக் குழுவில் பேசியபோது வங்கி அக்கா ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “அழகை அழகுன்னு ரசிக்கவே கூடாதா? அதுக்கும் நாம கணக்கு சொல்லணுமா?” ரசிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். நமக்குக் கிடைப்பதே கொஞ்ச நேரம், அதிலும் குற்ற உணர்ச்சியோடு நிற்கச் சொன்னால் அது இன்னொரு சுமை. ஆனால் ‘பிடித்த படம்’ என்பதில் ‘பிடித்த’ என்ற சொல் நம்முடையதாக இருக்க வேண்டும். ஆளில்லாத மலை, ஆளில்லாத கடற்கரை, ஆளில்லாத சாலை ஆகியவைதான் உயர்ந்தவை என்ற ரசனையை உருவாக்கியவர்கள், திரும்பி வரும்போது சோறு தயாராக இருக்கும் என்று தெரிந்து கிளம்பிப் போனவர்கள்.

இந்த இடத்தில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாமை (1883–1976) நினைக்கிறேன். சியாட்டிலில் சொந்த ஸ்டுடியோ நடத்தியவர். மூன்று சிறு பையன்களை வளர்த்த 1920களில், கலிஃபோர்னியாவில் தன் தோட்டத்துச் செடிகளை மிக அருகில் போய்ப் படமெடுத்தார். ஒரு மக்னோலியா பூவின் உட்புறத்தைக் காட்டும் 1925ஆம் ஆண்டுப் படம் அவற்றில் பேர்பெற்றது. 1932-இல், யோசெமிட்டி மலைகளைப் படமெடுத்த ஆன்சல் ஆடம்ஸோடு ‘எஃப் 64’ குழுவில் சேர்ந்து நின்றபோது அவர் யாருக்கும் இளைத்தவர் இல்லை. ஆனால் இந்தக் கதையை நமக்குச் சொல்கிறவர்கள், “பார், வீட்டிலிருந்தே சாதிக்கலாம்” என்று முடிப்பார்கள். அப்படி நான் முடிக்கமாட்டேன். தோட்டமும் இயற்கைதான், அதில் சந்தேகமில்லை. அதற்காக மலை ஆண்களுக்கும் தொட்டிச்செடி நமக்கும் என்று பங்கு பிரித்துக்கொள்ள வேண்டியதில்லை. கன்னிங்ஹாமின் பூ பெரிய படம். அவர் ஏறாத மலைகளுக்கு அது ஈடாகாது.

எங்கள் குழுவில் ஒரு தோழி இருந்தாள். சின்னக் குழந்தை, படுக்கையில் மாமியார். ‘பயணம்’ என்ற தலைப்பு வந்த வாரம், “நான் எங்கேயும் போகலையேக்கா, என்கிட்ட என்ன படம் இருக்கு?” என்று கேட்டாள். “பழைய படம் இருந்தாப் போடுப்பா” என்றோம். இரண்டு நாளில் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். அவள் படம் இல்லை என்று சொல்லவில்லை, நேரம் இல்லை என்று சொன்னாள் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறோம். படத்தோடு மூன்று வரி எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எங்கே நின்று எடுத்தீர்கள், அப்போது உங்கள் வீட்டு வேலையை யார் செய்துகொண்டிருந்தார்கள். படத்தில் ஆட்கள் இருந்தால் அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும். முதலில் சிலர் சலித்துக்கொண்டார்கள். பிறகு அந்த மூன்றாவது வரிக்காகவே படங்களைத் திறக்க ஆரம்பித்தோம். ‘என் அம்மா’, ‘யாரும் இல்லை, பாத்திரம் அப்படியே கிடந்தது’, ‘முதல் தடவையா அவர்’.

வெளியேறிய தோழி இன்னும் திரும்பி வரவில்லை. தலைப்பை மட்டும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். போன மாதம் எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பழைய கேபிள் ஒயரில் தொங்கும் தேன்சிட்டுக் கூடு. வாசலில் சிட்டின் மூக்கு மட்டும் தெரிகிறது, அதன் மேல் மஞ்சள் வெயில். கீழே எழுதியிருந்தாள்: “காலை 6.20. அடுப்பு பக்கத்துல நின்னு. பால் பொங்கிடுச்சுக்கா.”