வெற்றிலை வட்டா

வெற்றிலை வட்டா என்பது கால் வைத்த பித்தளைத் தட்டு. மட்டக்களப்பு வீடுகளில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பை இதில் வைத்தே விருந்தாளி முன் நீட்டுவர். அதன் அழகெல்லாம் காலில்தான். தரையில் அகன்று, நடுவில் இடைபோல் ஒடுங்கி, மேலே மீண்டும் விரிகிறது. பாயில் இருப்பவர் அதிகம் குனியாமல் எடுக்கலாம். கொடுப்பவருக்கோ ஒடுங்கிய இடம் கைப்பிடியாகிறது.

ஐரோப்பாவிலும் இதே வடிவம் உண்டு, பெயர் டாட்ஸா. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் பார்பெதியன் வார்ப்படச் சாலை வெண்கல டாட்ஸாக்களை வார்த்தது. பளிங்குப் பீடத்தில் நிறுத்தியவையும் உண்டு. அவை பெரும்பாலும் பார்வைக்கான அலங்காரம். வட்டாவோ புழக்கத்துக்கானது, புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கத் துலக்க அதன் விளிம்பு மழுங்கி மெருகேறும். பழைய வட்டாவின் மதிப்பு அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது.