அட்டை வீடுகள்

கோவைக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், கட்டடக்கலை முதலாண்டு மாணவர்கள் செய்த மாதிரிகளைப் பார்க்க அழைத்திருந்தார்கள். பட்டம் வாங்காத கதைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். புதிதாக எழுத வருகிறவர்களின் கதைகளைப் படித்து அபிப்பிராயம் சொல்லிச் சொல்லி, கற்றுக்கொடுப்பதில் தப்பு எங்கே நேர்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மேஜை நிறைய வெள்ளைக் கனசதுரங்கள். குடைந்து, சாய்த்து, சுத்தமாக ஒட்டியிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பழக்கம் இது. 1919-ல் வைமாரில் ஆரம்பித்த பௌஹௌஸ் பள்ளியில் இட்டன் என்பவர் இந்த முதல் வகுப்பைத் தொடங்கினார். 1923-க்குப் பின் அதை நடத்தியவர்களில் ஒருவரான ஆல்பர்ஸ், மாணவர்களிடம் செய்தித்தாளைக் கொடுத்து ஏதாவது செய்யச் சொல்வாராம். துவண்டு விழும் காகிதம், மடிப்பு விழுந்தால் நிமிர்ந்து நிற்கிறது. அதைக் கை தெரிந்துகொள்ள வேண்டும், எதையும் வீணாக்கக்கூடாது. அதுதான் பாடம். நாம் பாடத்தை விட்டுவிட்டு அட்டையைப் பிடித்துக்கொண்டோம். அதுவும் விலை உயர்ந்த அட்டை!

வெளிநாட்டுச் சரக்கு என்பதற்காகக் குறை சொல்லவில்லை. பாரிஸில் கார்புசியேயிடம் வேலை பார்த்துவந்த தோஷிதான் 1962-ல் அகமதாபாத்தில் பள்ளி தொடங்கினார். அந்த ஊர் வெயிலை அவர் மறக்கவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் தொட்டிக்கட்டு வீடு மாதிரி ஒன்று செய்திருந்தாள். மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. ஏன் என்று கேட்டார் மதிப்பிட வந்தவர்.

"ஆடிக் காத்துல மண்ணு வந்து கொட்டுமுங்க சார். அதான் மேக்கால அடைச்சுட்டேனுங்க."

"அது காரணம். கான்செப்ட் எங்கே?"

பெண் விழித்தாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை அறிந்து சுவர் வைத்தவளுக்கு, அதற்குமேல் ஒரு தத்துவம் வேண்டும் என்பது தெரியவில்லை. எங்கள் தொழிலிலும் இந்த வியாதி உண்டு. கதையில் மனிதன் உயிரோடு இருக்கிறானா என்று பாராமல், 'கரு என்ன?' என்று கேட்பார்கள். நாற்பது மாதிரிகளை ஒரே மாலையில் பார்த்து மார்க் போட வேண்டியவரைக் கடிந்துகொள்வதும் நியாயமில்லைதான்.

ஆனால் அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு குறை இருந்தது. நான்கு பக்கத்துச் சாய்ப்பும் மழைத் தண்ணீரை நடுத்தொட்டியில் கொட்டும். அது வெளியேற வழியே வைக்கவில்லை. எந்தக் கொத்தனாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். வீடாக நினைத்துப் பார்த்திருந்தால் மதிப்பிட்டவர் கண்ணிலும் பட்டிருக்கும். கூட்டம் கலைந்தபின் நான் சொன்னேன்.

"அட, ஆமாங்க!" என்று குனிந்து பார்த்தவள், பொடக்காலிப் பக்கமாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கத்தியைத் தேடினாள்.