வண்ணக் குறியீடு: நிறம் மட்டும் போதுமா?

மின்தடை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் மேல் வண்ண வளையங்கள் காணப்படும். கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, பச்சை 5 என ஒவ்வொரு நிறமும் ஓர் எண்ணைக் குறிக்கிறது. முதல் இரு வளையங்கள் இலக்கங்கள். அவற்றின் பின் எத்தனை சுழிகள் இட வேண்டும் என்பதை மூன்றாவது வளையம் சொல்கிறது. பழுப்பு, கருப்பு, சிவப்பு எனில் 1,000 ஓம். மூன்றாவது வளையம் பச்சையாயின் 10,00,000 ஓம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவர் ஒருவருக்கு நேரும் பிழை ஆயிரம் மடங்கு!

அத்தகையோர் மிகச் சிலரே என்று எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பிய மரபினரில் ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவரும், பெண்களில் 200 பேருக்கு ஒருவரும் இக்குறை உடையவர்கள். சிவப்பு, பச்சை ஒளிகளைப் பிரித்துணர உதவும் நிறமிகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதில் குறை இருப்பின் ஈடுசெய்ய மற்றொன்று இல்லை.

‘நிறக்குருடு’ என்னும் சொல்லே நம்மைத் தவறான வழியில் சிந்திக்க வைக்கிறது. இவர்களுக்கு உலகம் கருப்பு வெள்ளைப் படம் அன்று. பெரும்பாலோர் நீலத்தையும் மஞ்சளையும் நன்கு காண்பர். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவையே குழப்பம் தருவன. ஒரு சாராருக்குச் சிவப்பு மங்கி, ஏறத்தாழக் கருப்பாகவே தோன்றும்.

உயிரோடு விளையாடும் நிறங்கள்

இனி மின்கம்பிகளுக்கு வருவோம். பழைய முறையில் ஃபேஸ் கம்பி சிவப்பு, நியூட்ரல் கருப்பு, எர்த் பச்சை. குழம்பக்கூடிய நிறங்களையே தேடி எடுத்தது போல் இல்லையா? ஃபேஸையும் எர்த்தையும் மாற்றி இணைத்தால், கருவியின் உலோக உறையிலேயே மின்சாரம் ஏறிவிடும்.

பிரிட்டன் 1969ஆம் ஆண்டு விதிகளின்படி மின்கருவி வடங்களின் நிறங்களை மாற்றியது. ஃபேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்த வரிகள். 2006 முதல் வீடுகளில் புதிதாக இடும் கம்பிகளுக்கும் இதுவே அங்கு கட்டாயம். பழுப்பும் நீலமும் சிவப்பு-பச்சைக் குறை உடையவருக்கும் வேறுபட்டே தெரியும். எர்த் கம்பியையோ நிறமே புலப்படாவிட்டாலும் வரியைக் கொண்டு அறியலாம். இதுவே நல்ல வடிவமைப்பு. நம் நாட்டிலோ சிவப்பு, கருப்பு, பச்சைக் கம்பிகள் இன்றும் பல வீடுகளின் சுவர்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மின்தடை வளையங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. சிறிய உருளையை எப்பக்கம் திருப்பினாலும் வளையம் தெரியும்; எண்ணை அச்சிட்டால் ஒரு பக்கமே தெரியும். ஆயினும் அந்த வசதிக்காக ஒரு சாராரை விலக்கி வைப்பது முறையன்று. பலகையின் மேற்பரப்பில் தட்டையாகப் பொருத்தும் இன்றைய மின்தடைகள் பலவற்றில் 472 போன்று எண்களே அச்சாகின்றன. பொருள் 4,700 ஓம். இதில் எவருக்கும் ஐயம் எழாது.

நிறமே கூடாது என்பது நம் வாதம் அன்று. நிறத்தோடு வரி, வடிவம், எழுத்து, இடம் ஆகியவற்றுள் ஒன்றேனும் துணை நிற்க வேண்டும். சாலை விளக்கில் சிவப்பு மேலே இருப்பது அத்தகைய துணைதான்.

நீங்கள் வரையும் நிலப்படத்தையோ வரைபடத்தையோ கருப்பு வெள்ளையில் நகல் எடுத்துப் பாருங்கள். அப்போதும் படிக்க முடிகிறதா? முடியாவிடில், திருத்த வேண்டியது பார்ப்பவரின் கண்ணை அல்ல, உங்கள் படத்தை!