பீரோ வெள்ளி பந்திக்கு வரட்டும்

மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் ஒரு துணிமூட்டை இருக்கும். உள்ளே டவரா டம்ளர், சந்தனப் பேலா, பன்னீர்ச்சொம்பு, குங்குமச் சிமிழ், நெய்முட்டை, குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை. கல்யாணச் சீர், வளைகாப்பு, திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணம் என்று ஒவ்வொன்றும் ஒரு விசேஷத்தில் வந்து சேர்ந்திருக்கும். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் முதலில் கடைக்குப் போவதும் இந்த மூட்டைதான். தராசில் ஏறி, உருகி, கொலுசாகவோ பணமாகவோ திரும்புகிறது. கைவேலைக்கும் அதில் பதிந்த குடும்ப வரலாற்றுக்கும் தராசில் இடமில்லை. அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டால், பழைய வெள்ளியை உருக்க மனம் வராது.

கவிழ்த்துப் பாருங்கள்

முதலில் பார்க்க வேண்டியது அடிப்பக்கமும் விளிம்பும். உளியால் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரியும்: கொடுத்தவரின் இனிஷியல், ஊர், சில சமயம் தேதி. ‘மாயூரம்’ என்று வெட்டியிருந்தால், 1982-ல் ஊர்ப்பெயர் மயிலாடுதுறை என்று மாறுவதற்கு முந்தைய பாத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் வெள்ளியை ரூபாய் எடையில் சொல்வார்கள். வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். இருபது ரூபாய் எடைச் சொம்பு என்றால் சுமார் 233 கிராம்.

ஆங்கிலேயர் காலத்துக் கரண்டி, முள்கரண்டி கிடைத்தால் காம்பின் பின்புறத்தைப் பாருங்கள். நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் முத்திரை: ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் பெயர் இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில், சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் ‘சுவாமி’ வேலைப்பாட்டு வெள்ளிக்குப் பேர்போன நிறுவனம் அது. ‘இ.பி.என்.எஸ்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது முலாம் பூசியது. உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்.

கைவேலையை ரசிப்பது

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கையால் அடித்துச் செய்த சொம்பின் உடம்பில் சுத்தியல் தட்டிய சுவடு மங்கலாக ஓடும். நகாசு வேலையில் ஒரு பூவின் இதழ்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் செதுக்கியது என்றால் இதழுக்கு இதழ் மெல்லிய வித்தியாசம் இருக்கும். அச்சில் அழுத்தியது என்றால் எல்லாம் ஒரே வார்ப்பாக இருக்கும். தகட்டை அரக்கின் மேல் வைத்துத் தட்டி எழுப்பும் வேலைதான் நகாசு. அதே கைத்திறனைத் தஞ்சாவூர் கலைத்தட்டுகளில் விரிவாகக் காணலாம். பித்தளைத் தட்டின் மேல் புடைத்த வெள்ளி, செம்புத் தகடுகள் பதிந்திருக்கும்.

டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. உலோகங்களில் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. சூடான காப்பி ஊற்றியதும் டம்ளர் முழுதும் கொதிக்கும். விரல் பிடிக்க அந்த மடிப்பும், ஆற்றிக் குடிக்க டவராவும் வேண்டியிருக்கிறது.

வெள்ளிதானா?

‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளி துளியும் கிடையாது. அது செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை. முலாம் பூசிய சாமானில் அடிவளையம், கைப்பிடி, விளிம்பு ஆகிய தேயும் இடங்களில் மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்கும். புதுப் பாத்திரம் வாங்கினால் பி.ஐ.எஸ். முத்திரையைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் ஆறெழுத்து அடையாள எண் உண்டு. பழையதில் முத்திரை இல்லாதது குறையல்ல. தரச்சோதனை மையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஈயம் வைத்துப் பற்றவைத்த சாம்பல் நிறத் திட்டு இருந்தால், அந்தப் பாத்திரத்தில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

சேகரிக்க நினைப்பவர்கள் கடையில் பழைய சாமான்களை உருக்க அனுப்புமுன் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஜோடி சேர வேண்டும் என்பதில்லை. ஆறு கிண்ணமும் ஆறு வீட்டிலிருந்து வந்தவையாக இருந்தால் பார்க்கவே தனி அழகு.

புழங்குவது

ஒரே ஒரு சாமானில் தொடங்குங்கள். சாதத்தில் நெய் விட நெய்முட்டை போதும். பிறகு காலைக் காப்பி, பண்டிகை நாளில் பாயசக் கிண்ணம். தினமும் கழுவித் துடைக்கும் வெள்ளி அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. மூட்டையில் கிடப்பதுதான் கறுக்கும். உப்பு, ஊறுகாய், புளிக்குழம்பு ஆகியவற்றை அதில் ஊறவிட வேண்டாம். உப்பு வெள்ளியை அரிக்கும். முட்டையில் உள்ள கந்தகம் உடனே கறையாக்கும்.

கறுப்பு என்பது காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாவது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது வேகமாகப் படரும். சலித்த விபூதியைத் துளி நீரில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் மெல்லத் தேய்த்தால் போதும். கரகரப்பான பவுடரும் பற்பசையும் கீறல் போடும். கறுப்பு அதிகமானால், அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வைத்துக் கொதிநீரும் சமையல் சோடாவும் சேருங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். நகாசு வேலை உள்ளவற்றுக்கும் அரக்கு, கல் பதித்தவற்றுக்கும் இந்த முறை வேண்டாம். செதுக்கலின் பள்ளத்தில் தங்கிய கறுப்பை அப்படியே விடுங்கள். அந்த நிழல்தான் பூவை எடுத்துக் காட்டுகிறது.

மீண்டும் எடுத்து வைக்கும்போது நன்கு உலர்த்தி, துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பர் பேண்டு போட்டால் அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எது யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு வந்தது, என்ன எடை என்று எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நீங்கள் சீர் செய்யும் பாத்திரத்தில் பெயரையும் தேதியையும் தமிழில் வெட்டிக் கொடுங்கள். வெள்ளியை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பாட்டி பெயர் வெட்டிய டம்ளர் ஒருமுறை உருகிவிட்டால், எந்த விலை கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.